வசனமே இல்லாமல் கேமரா முன் நடிக்க: முதல் பயிற்சி

வசந்தம் ஒளிவழி நாடகத்திலோ நண்பர்கள் எடுக்கும் குறும்படத்திலோ நடிக்க ஆசைப்படும் நம் பிள்ளைகள் பலர் மேடையிலிருந்தும் பரதநாட்டியத்திலிருந்தும் வருகிறார்கள். கடைசி வரிசைக்கும் தெரியும்படி முகபாவம் காட்டிப் பழகியவர்கள். குளோஸ்-அப்பில் அவ்வளவு தேவையில்லை. புருவம் லேசாக அசைந்தாலே திரை முழுக்கத் தெரியும்.

ஒரு கைத்தொலைபேசி போதும். வீவக அடுக்குமாடி வீட்டில் மின்தூக்கிச் சத்தம் பதிவாகுமே என்ற கவலையும் வேண்டாம், வசனம்தான் இல்லையே.

1. காரணத்தை முடிவு செய்யுங்கள்

‘சோகமாக இரு’ என்று முகத்துக்கு உத்தரவு போட்டால் உதடுதான் பிதுங்கும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணங்களைத் தருகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது அவமானம், இழப்பு, நிலை தாழ்தல், இல்லாமை. நடிகருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரிந்து இல்லை.

நம் காட்சி இது: ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை, அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார். உள்ளே இருப்பது எல்லார் முன்னும் பட்ட அவமானமா, அடுத்த மாத வீட்டுக் கடன் பற்றிய கலக்கமா? ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. கைக்கு வேலை கொடுங்கள்

காய்ந்த துணியை மடியுங்கள். மனத்தில் இருப்பதைக் காட்டப் பார்க்காதீர்கள், மறைக்கப் பாருங்கள். வீட்டில் நாம் அழுகையை அடக்கத்தானே முயல்கிறோம்? அந்த முயற்சி மூச்சிலும், நடுவில் நின்றுபோகும் கையிலும் தானாக வெளிப்படும். கேமராவுக்கு வேண்டியது அதுதான்.

3. பார்வை

லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள். அதுதான் அம்மா. எண்ணம் மாறும்போது மட்டும் கண் நகரட்டும்.

4. மூன்று அளவில் எடுங்கள்

முழு உருவம், இடுப்புக்கு மேல், அப்புறம் முகம் மட்டும். கேமரா நெருங்க நெருங்க அசைவைக் குறையுங்கள். உள்ளே ஓடும் எண்ணம் மட்டும் குறையக் கூடாது.

5. கதை தெரியாதவரிடம் காட்டுங்கள்

ஒலியை அணைத்துவிட்டுக் காட்டுங்கள். ‘நடிப்பு எப்படி?’ என்று கேட்காமல், ‘இந்த ஆளுக்கு என்ன நடந்திருக்கும்?’ என்று கேளுங்கள். ‘ஏதோ சோகம்’ என்று மட்டும் பதில் வந்தால் முதல் படிக்குத் திரும்புங்கள். ‘வீட்டில் எதையோ மறைக்கிறார்’ என்றால் சரி, அதே துணியை இப்போது இழவைக் காரணமாக வைத்து மடியுங்கள்.