தன்னார்வலராகப் பாடம் எடுக்கப் போகிறீர்களா? திட்டம் போடும்போதே நடக்கும் தவறுகள்

சனிக்கிழமை அரசுப் பள்ளிக்கோ, மாலையில் தெருமுனைச் சமுதாயக் கூடத்துக்கோ போய்ப் பாடம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் சும்மா வருவதில்லை. ராத்திரி உட்கார்ந்து படம் தேடி, குறிப்பெடுத்து, லேப்டாப்பில் ஸ்லைடுகூடப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் முழுக்க முழுக்கத் தான் என்ன பேசப் போகிறோம் என்பதுதான் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் நீங்கள் செய்வது, வலப்பக்கம் அவர்கள் செய்வது. வலப்பக்கம் ‘கேட்பார்கள்’, ‘கவனிப்பார்கள்’ என்றே வந்துகொண்டிருந்தால் அந்தத் திட்டத்தைக் கிழித்துவிடலாம். சமையல் சோடாவில் வினிகர் ஊற்றி எரிமலை காட்டுவதும் இந்த ரகம்தான். கைதட்டல் என்னவோ பலமாக இருக்கும், ஆனால் ஊற்றியது நீங்கள்தானே.

அடுத்தது, வகுப்பு எண்ணை நம்புவது. ஐந்தாம் வகுப்பா, சரி, ஐந்தாம் வகுப்புப் புத்தகம் என்று கிளம்பிவிடுகிறோம். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள், சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். எப்படி வந்தது என்று கேட்டால், இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டை எடுத்தேன் என்று தெளிவாகவே சொல்லுவார்கள். இது கவனக்குறைவு இல்லை, 52 என்பது ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் என்பது இன்னும் மனதில் உட்காரவில்லை. இந்தப் பிள்ளைக்குத் துடைப்பக் குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்து, ஒரு கட்டைப் பிரித்துக் கழிக்கச் சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் பின்னத்துக்குப் போனால், நாலு ரெண்டைவிடப் பெரியது, அதனால் கால் அரையைவிடப் பெரியது என்று அடுத்த கோணல் தொடங்கும்.

அதனால் முதல் நாள் பாடமே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு நான்கு வரி வாசிக்க வையுங்கள், ஒரு கழித்தல் கொடுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 20 பேருக்கு 40 நிமிடம் போய்விடும், போகட்டும். இதை எல்லோர் முன்னாலும் நடத்தாதீர்கள், தடுமாறுகிற பிள்ளை அன்றோடு வாயை மூடிக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் பல நிலைப் பிள்ளைகள் ஒன்றாக உட்காரும் இந்தக் கலப்பு புதிதும் இல்லை. கொரோனாவால் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் 1 முதல் 5 வரை ஒரு குழு, 6 முதல் 8 வரை இன்னொரு குழு என்றுதான் தன்னார்வலர்களிடம் விட்டார்கள். எழுத்துக் கூட்டுகிற பிள்ளையும் வகுத்தல் போடுகிற பிள்ளையும் ஒரே பாயில். மறு வருடம் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வைத்தார்கள். பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்ப்பதற்காக.

சரி, மூன்று நிலை என்றால் மூன்று பாடமா? அப்படித்தான் பலரும் திட்டம் போட்டு, மூன்றாவது வாரமே களைத்துப் போகிறார்கள். பொருள் ஒன்றே இருக்கட்டும், கொடுக்கும் வேலை மட்டும் மாறட்டும். கரும்பலகையில் காய்கறி விலை எழுதுங்கள்: தக்காளி கிலோ 40, வெங்காயம் 30, கத்தரிக்காய் 60. சின்னவர்கள் பெயர்களை வாசித்து, படம் வரைந்து, பக்கத்தில் எழுதட்டும் (கத்தரிக்காய் யாருக்கும் முதல் தடவையில் சரியாக வராது, பரவாயில்லை). நடுவில் இருப்பவர்கள் ஒரு கிலோ தக்காளியும் அரைக் கிலோ வெங்காயமும் வாங்கி, 100 ரூபாய்க்கு மீதி எவ்வளவு என்று பார்க்கட்டும். ஏழாவது, எட்டாவது பிள்ளைகளிடம் இப்படிக் கேளுங்கள்: தக்காளி 40-லிருந்து 50 ஆனால் 25 சதவீதம் கூடுகிறது, 50-லிருந்து 40-க்கு இறங்கினால் 20 சதவீதம்தான் குறைகிறது. ஏறியதும் இறங்கியதும் அதே பத்து ரூபாய்தான், அப்புறம் ஏன் இப்படி? கேட்டுவிட்டு விடையைச் சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற நேரம்தான் நீங்கள் சின்னவர்களோடு தரையில் உட்காரக் கிடைக்கும் நேரம். சத்தம் கொஞ்சம் வரத்தான் செய்யும்.

பெரிய பிள்ளைகளை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது நம் ஊர்ப் பழக்கம்தான். எழும்பூரில் அனாதைச் சிறுவர் காப்பகம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த வழக்கத்தை அங்கே புகுத்திப் பார்த்து, 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட, மெட்ராஸ் முறை என்றே அங்கே பெயர் வாங்கியது. ஆனால் இன்றைக்கு வகுப்பில் நடப்பது வேறு. எட்டாம் வகுப்பு அக்கா ஒருத்தியைச் சின்னவர்களைப் பார்த்துக்கொள்ள உட்கார வைத்துவிடுகிறோம், ஒவ்வொரு வாரமும் அவளையே. எப்போதும் பெண் பிள்ளையைத்தான் என்பதையும் கவனியுங்கள். அவளுடைய சதவீதக் கணக்கு என்ன ஆகும்? பத்து நிமிடம், குறிப்பான ஒரு வேலை, முறை மாற்றி, பையன்களும் சேர்த்து என்று திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதை விட்டுவிடுங்கள். ‘புரிஞ்சுது சார்’ என்று கூரை அதிரப் பதில் வரும், அதில் ஒரு தகவலும் இல்லை. அதற்குப் பதிலாகக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு கணக்கு அல்லது ஒரு வரி, எல்லோரும் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். அடுத்த வாரத் திட்டம் அந்தத் தாள்களில் இருந்துதான் வர வேண்டும். சரியான விடைக்கு மிட்டாய் கொடுப்பது வேண்டவே வேண்டாம், தெரிந்த நாலு பேரே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

நேரக் கணக்கிலும் ஏமாறாதீர்கள். ஒரு மணி நேரம் என்றால் பாய் விரித்து, தண்ணீர் குடித்து, பேனா தேடி முடிய முக்கால் மணிதான் மிஞ்சும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு எப்போது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்காமல் செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் புதுப்பாடம் போட்டு வைக்காதீர்கள்.

ஆள் மாறி மாறி வருகிற குழுவாக இருந்தால், ஒவ்வொருவரும் ‘உங்க பேர் என்ன, என்னவாகப் போறீங்க’ என்று முதலிலிருந்து ஆரம்பிப்பதைப் பிள்ளைகள் எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வார்கள். ஒரு நோட்டு வாங்கி அங்கேயே பீரோவில் வையுங்கள். என்ன நடத்தினோம் என்பது ஒரு வரி போதும், யார் எதில் நிற்கிறார்கள் என்பதைப் பெயர் போட்டு எழுதுங்கள், நீங்கள் வர முடியாத வாரத்தில் வருகிறவருக்குத் தேவைப்படுவது அதுதான். அந்த நோட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், பிள்ளைகளின் பெயர் இருக்கிறது.