மாதப் பூவைக் கிறுக்குவோம்

நாள் முழுக்க இன்ச் டேப்பும் கையுமாக இருக்கிறவள் நான். ரங்கூனில், வீட்டு முன்னறையிலேயே தையல் கடை. ரவிக்கைக் கழுத்து கால் இன்ச் தள்ளினாலும் துணி வீண். அதனால் கடையைச் சாத்தியதும் அளவே கேட்காத ஒரு வேலையைக் கை தேடுகிறது. நான் கிறுக்க உட்கார்ந்துவிடுவேன். படம் வரையத் தெரியாது என்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். அழகாக வரவேண்டும் என்ற பழக்கம் அவர்கள் கையில் ஏறியிருக்காது.

என்ன வரைவது என்று யோசிக்கத் தொடங்கினால் அதுவே தனி வேலையாகிவிடும். பர்மாவில் இருக்கிற நமக்கு அந்தக் கவலை இல்லை. பர்மிய நாட்காட்டியின் 12 மாதங்களுக்கும் மாதப் பூ உண்டு. கசோனுக்குச் செண்பகம், நயோனுக்கு மல்லிகை, வாசோவுக்குப் புன்னை, தடின்ஜுட்டுக்குத் தாமரை, நடோவுக்குத் தசின் என்கிற சின்ன வெள்ளை ஆர்க்கிட், தபோட்வேக்குப் புரசு. நம் பாட்டிமார் பேச்சில் வந்த பூக்கள்தானே பாதி! எந்த மாதமோ அந்தப் பூ, அவ்வளவுதான். சில ஆண்டுகளில் வாசோ இரண்டு முறை வரும். அப்போது புன்னையோடு கூடுதலாக ஒரு மாதம் இருக்கலாம்.

நல்ல நோட்டு வாங்காதீர்கள். முதல் பக்கத்தைக் கெடுக்க யாருக்கும் மனம் வராது. கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். நான் பேட்டர்ன் வெட்டி மிஞ்சிய பிரவுன் பேப்பரில் வரைகிறேன். பால்பாயிண்ட் பேனா எடுங்கள். பென்சில் எடுத்தால் ரப்பர் கேட்கும், ரப்பர் வந்தால் நிம்மதி போகும். புள்ளியும் வைக்காதீர்கள். புள்ளி வைத்தால் நம் கை கோலக் கணக்குக்குப் போய்விடும்.

முதலில் கையை இளக்க வேண்டும். பர்மிய எழுத்தில் 'வ' முழு வட்டம். இங்கே பள்ளிக்கூடம் போனவர்கள் எல்லாரும் வட்டம் வட்டமாக எழுதித்தான் தொடங்கியிருப்போம். பனையோலையில் நேர்கோடு கீறினால் ஓலை கிழியும், அதனால்தான் எழுத்தெல்லாம் உருண்டது என்பார்கள். அந்த வட்டங்களையே ஒரு வரிசை போடுங்கள். பெரிசும் சிறிசுமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும் சரி. மூச்சை விடும்போது ஒரு வட்டம். வரிசை முடிவதற்குள் தோள் கீழே இறங்கியிருக்கும். இறங்கவில்லையா, இன்னொரு வரிசை.

சித்திரையில், தண்ணீர்த் திருவிழா ஒட்டி, முதல் தூறல் விழுந்ததும் பிடவுக் பூக்கும். நம் வேங்கையின் இனம். ஒரே நாளில் மரம் முழுக்க மஞ்சளாகி, மறுநாளே உதிர்ந்துவிடும். ஒவ்வொரு இதழாக வரையப் போனால் சலித்துவிடும். நெளிநெளியான சின்ன வட்டம் ஒன்று, அதன் நடுவில் ஒரு கீற்று. பக்கத்தில் இன்னொன்று, முதல் வட்டத்தை இடித்துக்கொண்டு. இப்படியே கொத்தாக வளரட்டும். ஓரத்தில் நாலைந்து வட்டங்கள் தனியாகக் கிடந்தால் அவை உதிர்ந்த பூக்கள். போனில் பூவின் படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளாதீர்கள். பார்த்து வரைந்தால் ஒப்பிடத் தோன்றும்.

மே பாதியிலிருந்து அக்டோபர் வரை மழை. ரங்கூனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் பெய்கிறது, அதில் பெரும்பங்கு இந்த மாதங்களில்தான். வெளியே போக முடியாத மாலைகள் நிறைய. எனக்குப் பிடித்த காலமும் இதுதான். வாசலில் தேங்கிய தண்ணீரைச் சற்றுநேரம் பாருங்கள். துளி விழுந்த இடத்தில் வளையம் விரியும், பக்கத்துத் துளியின் வளையத்தை வெட்டிக்கொண்டு போகும். தாளில் ஆங்காங்கே சிறு வட்டம் போட்டு, அதைச் சுற்றி வளையம், அதற்கும் வெளியே வளையம் என்று விரித்துக்கொண்டே போங்கள். கோடு கோணினால் காற்றடித்த தண்ணீர். வளையங்கள் முட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் சாய்கோடு நிரப்புங்கள். நேரம் போவதே தெரியாது. கரண்ட் போய்விட்டால் மெழுகுவத்தி வெளிச்சத்திலும் இது முடியும், ஏனென்றால் கண்ணுக்கு இதில் வேலை குறைவு. புன்னைப் பூ வேண்டுமென்றால் வளையங்களுக்கு நடுவே மிதக்கவிடுங்கள்.

தடின்ஜுட் பௌர்ணமிக்குத் தெருவெங்கும் விளக்கு, நம் தீபாவளியும் முன்னே பின்னே வந்துவிடும். அப்போது சுடர்களை வரிசை வரிசையாக ஏற்றுங்கள். தாமரை இதழுக்கும் அதே வடிவம்தான், கொஞ்சம் அகலமாக.

குளிர்காலத்துத் தசின் மிகச் சிறிய பூ. வளைந்த காம்பு ஒன்று போட்டு, அதன் மேல் பேனாவைத் தட்டிக்கொண்டே போனால் போதும்.

தபோட்வேயில் தமனே என்கிற பலகாரம் கிண்டுவார்கள். பச்சரிசியல்ல, ஒட்டுகிற கௌஞின் அரிசி, தேங்காய், எள், வேர்க்கடலை எல்லாம் பெரிய கடாயில். ஆண்கள் நின்றுகொண்டு துடுப்பால் கிண்டுகிற வீச்சை அப்படியே தாளில் சுழியாகப் போடலாம். கை எடுக்காமல், உள்ளிருந்து வெளியே. சுழியின் இடைவெளிகளில் புரசம்பூவை வையுங்கள். கிளிமூக்குப் போல வளைந்த சிவப்புப் பூ அது. சிவப்புப் பேனா இருந்தால் இந்த மாதத்துக்கு எடுத்து வையுங்கள்.

பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் அவர்களுக்குத் தனித் தாள் கொடுங்கள். உங்கள் தாளை அவர்கள் திருத்தவும் வேண்டாம், அவர்கள் தாளை நீங்கள் திருத்தவும் வேண்டாம். மணிக்கட்டு கடுக்கத் தொடங்கினால் பூ பாதியில் இருந்தாலும் பேனாவை மூடிவிடுங்கள். மறுநாள் அதே தாளில் தொடரலாம், அல்லது அதில் கருவாடு மடித்துக் கொடுக்கலாம்.