பழைய பண்ணை இரும்பை விற்க வண்டியில் ஏற்றப் போகிறீர்களா?

சட்டைப்பையில் ஒரு காந்தம் கட்டாயம் இருக்கட்டும். ஒட்டாதது செம்பு, பித்தளை, அலுமினியம் அல்லது சில வகை எவர்சில்வராக இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் மொத்தமும் இரும்பு விலைக்குத்தான் போகும். பழைய பித்தளை வால்வு மண்ணும் அழுக்கும் ஏறி இரும்பு மாதிரியே கிடக்கும். அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் மஞ்சள் பளிச்சென்று தெரியும். மோட்டார் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள்: வெளியே காந்தம் ஒட்டும், உள்ளே சுற்றியிருப்பது பெரும்பாலும் செம்புக் கம்பி.

அப்புறம், மூடிய பீப்பாய். டீசல் தீர்ந்து பல வருடம் ஆகியிருந்தாலும் உள்ளே ஆவி நிற்கும். கேஸ் கட்டர் வைத்தால் வெடிக்கும். என்ன இருந்தது என்று தெரியாத பீப்பாயை வெட்டவே வெட்டாதீர்கள், தயவுசெய்து. ஜிஐ பைப்பை வெட்டும்போது வரும் வெள்ளைப் புகையும் ஆபத்துதான். மேலே பூசிய துத்தநாகம் சுமார் 907 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். முடிந்தவரை ரம்பத்தால் அறுங்கள்.

தரையில் கிடக்கும் தகரத்துக்கு அடியில் கையை விடாதீர்கள். கடப்பாரையால் நெம்பி, சற்று விட்டுப் பாருங்கள். பாம்போ தேளோ இருந்தால் விலகிப் போக வழி கிடைக்கும்.

வண்டியில் கனமானவை முதலில், அச்சுக்கு நேர் மேலே. தகரம் கடைசியில், அதன் மேல் குறுக்காகக் கயிறு போட்டு இறுக்குங்கள். கொஞ்ச தூரம் ஓட்டியதும் நிறுத்தி, கயிற்றை மறுபடி இழுத்துப் பாருங்கள். சுமை குலுங்கி அமர்ந்ததும் எப்படியும் தளர்ந்திருக்கும்.