பழைய பியானோவா? பாலிஷைப் பார்க்காதீர்கள், பின்களைப் பாருங்கள்

பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும்) பியானோவை வாங்கப் போகிறீர்கள் என்றால், சுருதி கலைந்திருப்பது பெரிய குறையே அல்ல. வைத்த சுருதி அதில் நிற்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு டார்ச், போனில் ட்யூனர் ஆப், ஒரு மணி நேரப் பொறுமை இருந்தால் போதும்.

முதலில் நடு சி-க்கு மேலே வரும் ஏ கீயை அழுத்துங்கள். 440 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். 435 என்றாலும் கவலையில்லை. 415-ஐ ஒட்டி வந்தால் பியானோ அரை ஸ்வரம் இறங்கிக் கிடக்கிறது. மொத்தமுள்ள 220-க்கும் மேற்பட்ட கம்பிகள் டன் கணக்கான இழுவிசையில் நிற்பவை. அவ்வளவு தூரம் ஏற்றும்போது துருப்பிடித்த கம்பிகள் அறுந்துபோகலாம். ஒரே ட்யூனிங்கில் வேலையும் முடியாது.

எல்லா ஸ்வரங்களும் ஒரே அளவு இறங்கியிருந்தால் பல வருடம் யாரும் ட்யூன் செய்யவில்லை என்று பொருள். அதைவிட ஆபத்தானது, பக்கத்து ஸ்வரங்கள் சரியாக இருக்க, அங்கொன்றும் இங்கொன்றும் மட்டும் அலறுவது. நடுவிலும் மேலேயும் ஒரு ஸ்வரத்துக்கு மூன்று கம்பிகள். அதில் ஒன்று மட்டும் நழுவினால் ஒலி அலையலையாக நடுங்கும். கம்பியைச் சுற்றி இறுக்கி வைத்திருக்கும் ட்யூனிங் பின் தளர்ந்ததற்கு அதுதான் முதல் அடையாளம்.

மேல் மூடியையும் முன்பலகையையும் உரிமையாளரையே கழற்றச் சொல்லி, பின்களில் டார்ச் அடியுங்கள். கம்பிச் சுருளுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். சுருள் சட்டத்தைத் தொட்டால், பிடிமானத்துக்காகப் பின்னை உள்ளே அடித்து இறக்கியிருக்கிறார்கள். சில பின்கள் மட்டும் தடிமனாக இருப்பதும், பின்களைச் சுற்றி ரசாயனம் ஊற்றிய கறை தெரிவதும் அதே நோய்தான். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் ஈரக்காற்றும் ஏசியும் மாறி மாறிப் பட்டு, பின்களைப் பிடித்திருக்கும் மரக்கட்டை உப்பிச் சுருங்கி ஓட்டை தளர்ந்துவிடும். அந்தக் கட்டையை மாற்றும் செலவு பல பழைய பியானோக்களின் விலையையே தாண்டும். இரும்புச் சட்டத்தில் கீறல் தெரிந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டாம், விட்டுவிடுங்கள்.

பின்பக்கத்துச் சவுண்ட்போர்டில் (ஒலியைப் பெருக்கும் மரப்பலகை) விரிசல் இருந்தாலே பயந்துவிட வேண்டியதில்லை. பலமாக வாசிக்கும்போது கரகரப்பு வந்தால்தான் சிக்கல். ஆனால் கம்பிகள் ஏறிச் செல்லும் பிரிட்ஜில், சிறு ஆணிகளின் வரிசையோடு விரிசல் ஓடினால் அது பெரிய செலவு.

கம்பியைத் தட்டும் ஹாமரின் நுனியில் கம்பித் தடம் இருக்கத்தான் செய்யும். அதில் சுற்றியுள்ள ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) மிச்சமிருந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம்; உச்ச ஸ்வரங்களில் மரமே தெரிந்தால் புதிய செட் வேண்டும்.

பிறகு 88 கீகளையும் ஒவ்வொன்றாக மெதுவாக, பலமாக, வேகமாகத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். ஈரத்தால் மந்தமாக எழும் கீயைச் சரிசெய்வது சுலபம். விரலை எடுத்ததும் ஒலி நிற்க வேண்டும். உச்சியில் இருபது ஸ்வரங்கள் அளவுக்கு ஒலியை அடக்கும் டேம்பர் கிடையாது, அவை ஒலித்துக்கொண்டிருந்தால் குறையல்ல.

ஹாமர்களுக்கு மேலே டேம்பர்களும், முன்னால் கூண்டு போல் கம்பி வரிசையும் தெரிந்தால் அது பழைய ஓவர்டேம்பர் வகை. பழைய பிரிட்டிஷ் பியானோக்களில் இது அதிகம். ஒலியைச் சரியாக அடக்காது, பழுதுபார்ப்பதும் சிரமம். கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு இதை வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைந்தாலும்.

கீழ்ப்பலகையைத் திறந்து கரையான் மண், எலிப் புழுக்கை, பூச்சி அரித்த ஃபெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். யமஹா, கவாய் என்றால் சீரியல் எண்ணை வைத்துத் தயாரித்த வருடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

இவ்வளவிலும் தேறினால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ட்யூனர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கீழ், நடு, மேல் பகுதிகளில் சில பின்களில் லீவரைப் போட்டுத் திருப்பினாலே பிடிமானம் அவர் கைக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்த பியானோவை உடனே ட்யூன் செய்யாமல், இரண்டு மூன்று வாரம் அந்த அறையின் காற்றுக்குப் பழக விடுங்கள்.