அசமன்பாடுகளைத் தீர்க்கும்போது குறியைத் தவறவிடாமல் இருப்பது எப்படி?

சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்தவருக்கு அசமன்பாட்டின் பெரும்பகுதி புதிதன்று. இருபுறமும் ஒரே எண்ணைக் கூட்டலாம், கழிக்கலாம், மிகை எண்ணால் பெருக்கலாம், வகுக்கலாம். இருபுறத்தில் எது பெரிது, எது சிறிது என்று காட்டும் <, > போன்ற குறி அப்படியே நிற்கும். குறை எண்ணால் பெருக்கும்போதும் வகுக்கும்போதும் மட்டுமே அதன் திசை மாறும். 2 < 5 என்பதை −1ஆல் பெருக்கினால் −2 > −5 ஆவதற்குக் காரணம், எண்கோட்டில் இரு எண்களும் பூச்சியத்தின் மறுபுறம் செல்லும்போது, வலப்பக்கம் இருந்தது இடப்பக்கமாகிவிடுவதே. மாறியை ‘ம’ எனக் குறித்தால், 5 − 3ம > 11 என்பதில் இருபுறமும் 5ஐக் கழித்து −3ம > 6 என்று பெறுகிறோம். பிறகு −3ஆல் வகுக்க, குறி திரும்பி ம < −2 என்றாகிறது.

இருபடி அசமன்பாட்டில் வர்க்கமூலம் எடுத்து முடித்துவிட நினைப்பது ஆபத்தானது. ம² < 9 என்பதன் தீர்வு ம < 3 அன்று; ம = −5 என்று இட்டால் 25 < 9 என வருவதே அதைக் காட்டிவிடும். சரியான தீர்வு −3 < ம < 3. நம்பத்தக்க வழி, எல்லாவற்றையும் ஒருபுறம் கொண்டுவந்து காரணிப்படுத்துவதாகும். ம² − ம − 6 ≤ 0 என்பது (ம − 3)(ம + 2) ≤ 0 ஆகிறது. கோவையைப் பூச்சியமாக்கும் −2, 3 ஆகிய மூலங்கள் எண்கோட்டை மூன்று இடைவெளிகளாகப் பிரிக்கின்றன. ஓர் இடைவெளிக்குள் கோவையின் குறி (அது மிகையா குறையா என்பது) மாறாது என்பதால், ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணைச் சோதித்தால் போதும். ம = 0 எனில் மதிப்பு −6; ம = −3 எனினும் ம = 4 எனினும் மதிப்பு 6. ஆகவே தீர்வு −2 ≤ ம ≤ 3.

மாணவர்கள் மிகுதியாகச் சறுக்குவது பின்ன வடிவில்தான் என்பது என் கருத்து. (ம + 1)/(ம − 2) ≥ 3 என்பதைக் கண்டவுடன் குறுக்குப் பெருக்கல் செய்து, ம + 1 ≥ 3ம − 6 என எழுதி, ம ≤ 7/2 என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் ம = 0 இந்த விடைக்குள் அடங்கினாலும், அப்போது இடப்புறம் −1/2 தான்; அது 3ஐ விடப் பெரிதன்று. பகுதியான ம − 2 மிகையா குறையா என்று தெரியாமலேயே அதனால் பெருக்கியதுதான் பிழை. மாறாக, 3ஐ இடப்புறம் கொண்டுவந்து ஒரே பின்னமாக்கினால் (7 − 2ம)/(ம − 2) ≥ 0 கிடைக்கும். இங்கே எல்லைப் புள்ளிகள் 2, 7/2. ம = 0 எனில் குறை, ம = 3 எனில் மிகை, ம = 4 எனில் மீண்டும் குறை. பகுதி பூச்சியமாகக் கூடாதென்பதால் 2 விலக்கப்படும். தொகுதி பூச்சியமாகலாம் என்பதால் 7/2 சேர்க்கப்படும். எனவே 2 < ம ≤ 7/2.

மட்டு மதிப்பு (மிகை, குறை பாராமல் எண்ணின் அளவு மட்டும்) வந்தால் அஞ்ச வேண்டியதில்லை: |2ம − 1| < 5 என்பதை −5 < 2ம − 1 < 5 என விரித்தால் −2 < ம < 3 என்று வந்துவிடும்.

மூலத்தைத் தாண்டும்போதெல்லாம் குறி மாறும் என்று மனப்பாடமாகக் கொள்வதும் தவறு. (ம − 1)²(ம − 4) < 0 என்பதில் வர்க்கக் காரணி ஒருபோதும் குறையாகாது; ஆதலால் 1இன் இருபுறமும் கோவை குறையாகவே இருக்கும், 1இல் மட்டும் பூச்சியமாகும். இதன் தீர்வு, 1 நீங்கலாக, 4ஐ விடச் சிறிய எல்லா மெய்யெண்களும் ஆகும்.