ஹோஸ்டிங் பில்லிங் டேட்டாபேஸ் வீங்கிப் போச்சா? கைய வைக்கிறதுக்கு முன்னாடி இதப் பாத்துருங்க

மாசம் 1ஆம் தேதி காலைல பில்லிங் அட்மின் பேஜ தொறந்தா சுத்திக்கிட்டே கெடக்கும், ராத்திரி ஓடவேண்டிய கிரான் (இன்வாய்ஸ், சஸ்பெண்ட் வேலையெல்லாம் குறிச்ச நேரத்துல தானா செய்யுறது) பாதில நின்னுருக்கும், பாதி கஸ்டமருக்கு இன்வாய்ஸ் போயிருக்கும் மீதி பேருக்கு போயிருக்காது. ஹோஸ்டிங் (வெப்சைட்டுக்கு சர்வர்ல எடம்) விக்கிறவங்க எல்லாரும் என்னைக்காவது ஒருநாள் இத பாத்துருப்பீங்க. கஸ்டமர் கூடிட்டாங்க, சர்வர பெருசாக்கணும்னு நெனச்சு நானும் காசக் கட்டி ராம் ஏத்தினேன், ரெண்டு வாரம் ஜம்முனு ஓடுச்சு, அப்புறம் திரும்ப படுத்துருச்சு.

அப்புறம்தான் உக்காந்து கணக்கு போட்டேன். 800 கஸ்டமர், ஆளுக்கு மாசம் ஒரு இன்வாய்ஸ்னா வருஷத்துக்கு 9,600. ஒண்ணுக்கு 1 கேபினு தாராளமா வச்சாலும் 10 எம்பி தாண்டாது. என் டேட்டாபேஸ் 11 ஜிபி! அப்ப மிச்சமெல்லாம் என்னது?

லாக்குதான் (நடந்ததெல்லாம் எழுதி வைக்கிற பதிவு), வேற என்ன. நான் வச்சிருக்கிறது டபிள்யூஎச்எம்சிஎஸ்ங்கிற பில்லிங் சாஃப்ட்வேர், வேற சாஃப்ட்வேர் வச்சிருந்தாலும் கத இதேதான். பிஎச்பிமைஅட்மின்ல (பிரவுசர்லயே டேட்டாபேஸ பாக்குற டூல்) டேட்டாபேஸ தொறந்து டேபிள் லிஸ்ட்ல சைஸ்ங்கிற தலைப்ப அமுக்குங்க, பெருசெல்லாம் மேல வந்துரும். எனக்கு மேல நின்னது மாட்யூல் லாக், அது மட்டுமே 7 ஜிபி. நம்ம பில்லிங் சிபேனல்கிட்டயும் (ஹோஸ்டிங் அக்கவுண்ட நடத்துற சாஃப்ட்வேர்) டொமைன் ரிஜிஸ்ட்ரார்கிட்டயும் (வெப்சைட் பேர பதிஞ்சு தர்றவங்க) கேக்குற கேள்வி, அவங்க சொல்ற பதில், எல்லாத்தயும் வரிவிடாம எழுதி வைக்கிற எடம் அது. ஏதாவது கோளாறு வந்தா கண்டுபிடிக்க ஆன் பண்ணிட்டு வேல முடிஞ்சதும் ஆஃப் பண்ணணும். நான் ஒரே ஒரு டொமைன் டிரான்ஸ்ஃபர் மாட்டிக்கிச்சுனு ஆன் பண்ணேன், ரெண்டு வருஷம் மறந்துட்டேன். அதுக்கு அடுத்து அனுப்புன மெயிலோட காப்பி (ஒவ்வொண்ணும் டிசைனோட முழுசா), அப்புறம் ஸ்பேமா வந்த சப்போர்ட் டிக்கெட், பேமெண்ட் கேட்வே லாக்.

அழிக்கிறதுக்கு முன்னாடி பேக்கப். மைஎஸ்கியூஎல்டம்ப் (டேட்டாபேஸ ஃபைலா எடுக்குற கமாண்ட்) ஓட்டும்போது சிங்கிள் டிரான்சாக்ஷன் ஆப்ஷன போட்டுக்கோங்க, டேபிள பூட்டாம எடுத்துரும். ஆனா அது இன்னோடிபிங்கிற வகை டேபிளுக்குத்தான் சரியா வரும், ரொம்ப வருஷமா அப்டேட் மேல அப்டேட் போட்டு வந்த டேட்டாபேஸ்ல சில டேபிள் இன்னும் மைஐசாம்ங்கிற பழைய வகையா கெடக்கும், டைப்ங்கிற தலைப்புக்குக் கீழ ஒருதடவ பாத்துருங்க. எடுத்த ஃபைல அதே சர்வர்ல வச்சா அது பேக்கப்பே கெடையாது. வேற எடத்துல வச்சு, காலி டேட்டாபேஸ் ஒண்ணுல இம்போர்ட் பண்ணி இன்வாய்ஸ் எண்ணிக்க ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கானு பாருங்க. அதுக்காக சாஃப்ட்வேரயும் சேத்து டெஸ்ட் காப்பி போட்டா அதுல கிரான மட்டும் ஓட விட்டுராதீங்க, ரெண்டு எடத்துலேர்ந்தும் நெஜ கஸ்டமருக்கு மெயில் பறக்கும்.

இப்ப அழிக்கலாம். மாட்யூல் லாக்க மொதல்ல ஆஃப் பண்ணிட்டு டிரங்கேட் (டேபிள மொத்தமா காலி பண்ற கமாண்ட்) போட்டுட்டேன், ஒரு நிமிஷத்துல 7 ஜிபி காலி. மத்த டேபிள்ல தேதி வச்சு பழசத்தான் அழிக்கணும், அதுவும் 5,000 வரி 5,000 வரியா லிமிட் போட்டு. ஒரே டெலீட்ல 40 லட்சம் வரிய தூக்கப் போனா அந்த டேபிளுக்காக காத்திருக்கிற கிரான் 50 செகண்ட்ல டைம்அவுட் ஆகி விழுந்துரும். டெலீட் பண்ணி முடிச்சும் டிஸ்க்ல எடம் கொறையலயேனு பயப்படாதீங்க, இன்னோடிபி ஃபைல் தானா சுருங்காது, ஆப்டிமைஸ் டேபிள் ஓட்டணும். அது டேபிளயே புதுசா ஒண்ணு எழுதும், அதனால மிச்சமிருக்கிற டேபிள் அளவுக்கு டிஸ்க்ல எடம் வேணும். டிஸ்க் 93% நெறஞ்சிருக்கும்போது இத ஓட்டிட்டு நான் முழிச்ச முழி எனக்குத்தான் தெரியும்.

எத தொடவே கூடாதுன்னா, இன்வாய்ஸ், இன்வாய்ஸ் ஐட்டம், பணம் வந்த டிரான்சாக்ஷன், கஸ்டமர் விவரம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்க ஆண்டு ரிட்டர்னோட கடைசி தேதிலேர்ந்து 72 மாசம் வச்சிருக்கணும், 2023-24 கணக்குன்னா 2030 டிசம்பர் கடைசி வரைக்கும். இன்வாய்ஸ் நம்பர் வரிசையா வரணும், வேணாம்னா கேன்சல்னு மார்க் பண்ணுங்க, டெலீட் பண்ணி நடுவுல ஓட்ட விழுந்தா ஆடிட்டர் கேப்பாரு. பழைய கஸ்டமர தானா டெலீட் பண்ற ஆப்ஷன் ஆட்டோமேஷன் செட்டிங்ல ஒண்ணு இருக்கு, அத நெவர்லயே விட்டுருங்க, எடம் மிச்சமாகுதுனு ஆசப்பட்டா இன்வாய்ஸும் சேந்து போயிரும்.

லாக்லயும் ஒரு அளவு உண்டு. செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி லாக்க 180 நாள் வச்சிருக்கணும், அதனால லாகின் விவரமெல்லாம் இருக்கிற ஆக்டிவிட்டி லாக்க அதுக்குக் கொறச்சு வெட்டாதீங்க. விபிஎஸ் (ஒரு சர்வர பிரிச்சு தனி சர்வர் மாதிரி தர்றது) விக்கிறீங்கன்னா கஸ்டமர் விலகிப் போன பெறகும் அவர் விவரம் 5 வருஷம் இருக்கணும்.

எல்லாம் முடிச்சப்ப என்னுது 900 எம்பில வந்து நின்னுச்சு. மைஎஸ்கியூஎல்ல பஃபர் பூல் (டேட்டாவ ராம்ல வச்சுக்கிற எடம்) டீஃபால்ட் வெறும் 128 எம்பிதான், அத 1 ஜிபியாக்கினேன், மொத்த டேட்டாபேஸும் ராம்லயே உக்காந்துருச்சு. காசு கட்டி ஏத்தின ராமுக்கு அப்பதான் வேலையே வந்துச்சு. ஸ்லோ குவெரி லாக் (மெதுவா ஓடுற குவெரிய குறிச்சு வைக்கிறது) டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும், ஆன் பண்ணாலும் 10 செகண்ட் தாண்டுனாதான் எழுதும், ஆன் பண்ணி அத 2 ஆக்கிட்டா எது இழுக்குதுனு தெரியும்.

இப்ப மாசாமாசம் பெரிய 5 டேபிளோட சைஸ ஒரு ஷீட்ல குறிச்சு வைக்கிறேன், எது திடீர்னு ஏறுதோ அத மட்டும் நோண்டுவேன். கிளீனிங்க மாச நடுவுல ஞாயித்துக்கிழம விடியக்காலைல, கிரான நிறுத்திட்டுதான் பண்ணுவேன். முடிஞ்சதும் கிரான திரும்ப ஆன் பண்ணுங்க, நான் ஒருதடவ மறந்து மூணு நாள் ஒரு அக்கவுண்ட் கூட சஸ்பெண்ட் ஆகல, பணம் கட்டாதவங்க யாரும் போன் பண்ணிச் சொல்லவும் இல்ல.