ஹாட்டன் லாக்குகளில் இன்னொரு படகோடு சேர்ந்து இறங்குவது எப்படி?

பணி ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்தின் கால்வாய்களில் நேரோபோட் என்ற ஒடுக்கமான நீளப் படகில் வாழ வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது தனிமையைப் பற்றித்தான். நிரந்தரமாகக் கட்டிவைக்கத் துறை இல்லாத படகு பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்க முடியாது. அதனால் அக்கம்பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு நண்பர்கள் கிடைத்தது பெரும்பாலும் லாக்குகளில்தான். லாக் என்பது மேலும் கீழும் கதவு வைத்த தொட்டி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்கும். அதற்கு ஹாட்டனை விடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது.

வார்விக் பக்கத்தில், கிராண்ட் யூனியன் கால்வாயில், 21 லாக்குகள் வரிசையாகக் குன்றிலிருந்து இறங்குகின்றன. 1930களில் அகலமாகக் கட்டியவை. ஏழடிக்குச் சற்றுக் குறைவான அகலமுள்ள நம் படகுகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். தண்ணீரும் மிச்சம், உழைப்பும் பாதி.

1. மேலே படகைக் கட்டிவிட்டு, பின்னால் வருகிறவரிடம் "சேர்ந்து இறங்கலாமா?" என்று கேளுங்கள். கூச்சமே வேண்டாம், அவரும் அதற்காகத்தான் காத்திருப்பார்.

2. படகு இடிபடாமல் பக்கவாட்டில் தொங்கும் ஃபெண்டர் மெத்தைகளை மேலே தூக்கிவிடுங்கள். தொங்கவிட்டால் இரண்டு படகும் இறுகி மாட்டிக்கொள்ளும்.

3. கீழிருந்து யாராவது ஏறி வருகிறார்களா என்று பாருங்கள். வந்தால் முதலில் அவர்களுக்கு வழி. இல்லையென்றால் லாக்கை நிரப்பி, உள்ளே போய், மேல் கதவையும் அதன் பேடில்களையும் மூடுங்கள். பேடில் என்பது தண்ணீரை விடும் மதகுப் பலகை.

4. இதுதான் முக்கியம். மேல் கதவுக்கு அடியில் 'சில்' என்ற கல் திண்டு லாக்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நிரம்பிய லாக்கில் அது கண்ணுக்குத் தெரியாது. கரையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுதான் அடையாளம். இரண்டு படகின் பின்புறமும் கோட்டைத் தாண்டி முன்னால் இருக்க வேண்டும். பின்புறம் திண்டில் உட்கார்ந்துவிட்டால், நீர் இறங்க இறங்க முன்பக்கம் மட்டும் கீழே போகும், படகே மூழ்கிவிடலாம். எனக்கு முதலில் பிடிபடாதது இதுதான்: மெதுவாகப் பின்னால் நகரும் படகில் நிற்கிறவருக்கு அந்த நகர்வு தெரியாது. அதனால் டில்லரை, அதாவது சுக்கான் பிடியை, வைத்திருக்கும் இருவரும் தங்கள் படகை மட்டுமல்ல, அடுத்த படகின் பின்புறத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்காவது மாட்டினால் உரக்கக் கத்துங்கள். கரையில் இருப்பவர் கீழ் பேடில்களை உடனே மூடி, அப்புறம்தான் மேல் பேடிலை மெதுவாகத் திறக்க வேண்டும். கயிற்றையும் கரையில் இறுக்கிக் கட்டாதீர்கள், படகு அந்தரத்தில் தொங்கும்.

5. கீழ் பேடில்களைத் திறந்துவிடுங்கள். ஹாட்டனில் பல சுற்று சுற்ற வேண்டும், மூட்டுவலிக்காரர்கள் முறை வைத்துக்கொள்ளுங்கள். பேடிலைச் சுற்றித் திறக்கும் வின்ட்லஸ் கைப்பிடியைச் சுழல்தண்டில் மாட்டியபடி விட்டுவிட்டு நகரக் கூடாது, பல்சக்கரம் நழுவினால் அது சுழன்று அடிக்கும். அலுமினியக் கைப்பிடி இலேசானதுதான். ஆனாலும் நான் இரும்பையே சொல்வேன், தண்ணீரில் விழுந்தால் காந்தம் கட்டிய கயிற்றால் எடுத்துவிடலாம்.

6. மட்டம் சமமானதும் கதவு திறக்கும். ஒருவர் முன்னால் நடந்து அடுத்த லாக்கைத் தயார் செய்யட்டும். நட்பு வளர்வது இந்த நடையில்தான். என் மனைவியும் அடுத்த படகுக்கார அம்மாவும் அப்படி நடந்தபடி பேரப்பிள்ளைகள் வரை பேசிவிட்டார்கள். பிறகு கால்வாயோரத்துப் பிரான்ஸ்டன் ஊரில் அந்தப் படகைப் பார்த்ததும் பக்கத்திலேயே கட்டினோம், அன்று இரவுச் சாப்பாடு எங்கள் படகில்.

பின்சேர்க்கை: துணையை இழந்து தனியாகப் படகு ஓட்டும் வாசகர் ஒருவர், தன்னை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று கேட்டிருந்தார். தாராளமாகச் சேர்ப்பார்கள், நீங்களே போய்க் கேளுங்கள். லாக்குகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் இரண்டு படகையும் ஒன்றாகக் கட்டி ஒருவரே ஓட்டலாம், மற்றவர்கள் கதவைப் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் லாக்குக்குள் நீர் இறங்கும்போது அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். ஒன்று மாட்டினால் மற்றதையும் இழுத்துவிடும்.